கண்மாய்க்குள் ஓட்டை அடைத்த நால்வர்

கொக்கரங்கோட்டையில் புத்திசாலிகளுக்குக் குறைவில்லை. அவர்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லாததால், மீதி நாலு பேரின் கதைக்கு வருவோம்.

தவசி, சேவுகன், ஒச்சப்பன், இருளாண்டி என்று அந்த நாலு பேருக்குப் பெயர். சேவுகன் சந்தேகம் கேட்பான். ஒச்சப்பன் பதில் சொல்வான். கடைசியாகப் பேசியவர் யாரோ அவர் சொன்னதே சரி என்பான் இருளாண்டி. தவசி மூத்தவன் என்பதால் முடிவெடுப்பது அவன் பொறுப்பு. இந்த ஏற்பாட்டில் அவர்கள் ஊரில் பார்க்காத வேலை இல்லை. இரண்டாம் நாளும் பார்த்த வேலைதான் இல்லை.

கடைசியாக ஒரு பரோட்டாக் கடையிலிருந்து மத்தியானமே திரும்பி வந்த அன்று, தவசியின் மனைவி பூமயில் நிதானமாகச் சொல்லிவிட்டாள்.

"அடுத்து ஒரு வேலை கெடச்சு அதுவும் போச்சுன்னா, நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். சும்மா போக மாட்டேன். கிரைண்டரையும் தூக்கிக்கிட்டுத்தான் போவேன்."

தவசிக்குப் பூமயில் மேல் கொள்ளைப் பிரியம். கிரைண்டர் மேலும் குறைச்சல் இல்லை. அன்று ராத்திரி அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சுபேதார் ஞானதுரைக்கு ஆள் தேவைப்பட்டது. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர், ஊருக்கு வெளியே வறண்டு கிடந்த கண்மாய்க்குள் ஞாயிறுதோறும் ஊர்க்காரர்களுக்கு ஏர்கன் துப்பாக்கி சுடப் பழக்கிக்கொண்டிருந்தார். கண்மாய்க் கரையை ஒட்டி ஆறு ஸ்டாண்டுகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு சவுக்குக் கால், நடுவில் ஒரு பலகை, பலகையில் வட்டம் வட்டமாகக் கோடு போட்ட வெள்ளைக் காகிதம், அதன் மத்தியில் ஒரு கறுப்புப் பொட்டு. சுட வருகிறவர்கள் எல்லாரும் பொட்டைத்தான் குறி பார்த்தார்கள். குண்டு என்னவோ சவுக்குக் காலில்தான் பட்டது. ஸ்டாண்டுகளைப் பராமரிக்க ஆள் வேண்டும் என்று சொல்லிப் பார்த்தார். குண்டு பாய்கிற பக்கம் வேலை என்றதும் புத்தியுள்ளவன் எவனும் வரவில்லை. இவர்கள் வந்தார்கள்.

"ஸ்டாண்டு காலுல குண்டு படக்கூடாது. முன்னாடி மணல் மூட்டையை வைங்க" என்றார் சுபேதார்.

வைத்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை குண்டெல்லாம் மூட்டையில் பட்டு மணல் ஒழுகியது. நால்வரும் மூட்டையைச் சுற்றிக் குத்தவைத்து உட்கார்ந்தார்கள்.

"அண்ணே, ஸ்டாண்டை மூட்டை காப்பாத்துது. மூட்டையை யாரு காப்பாத்துறது?" என்றான் சேவுகன்.

"நன்றின்னு ஒன்னு இருக்குல்ல? ஸ்டாண்டுதான் காப்பாத்தணும்" என்றான் ஒச்சப்பன்.

இருளாண்டி அதுதான் நியாயம் என்றான். தவசியும் யோசித்துப் பார்த்து, மூட்டைகளுக்கு முன்னால் ஸ்டாண்டுகளைக் கொண்டுவந்து நட்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூட்டைக்கு ஒரு கீறல் இல்லை. சுபேதாரிடம் அதைப் பெருமையாகவே காட்டினார்கள். அவர் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு ஆடிக் காற்று வந்தது. நாளுக்கு இரண்டு ஸ்டாண்டாவது சாய்ந்தது.

"எவ்வளவு காத்து அடிச்சாலும் ஒரு ஸ்டாண்டும் விழக்கூடாது" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போன சுபேதார், சாயங்காலம் வந்து பார்த்தபோது ஆறு ஸ்டாண்டும் தரையில் மல்லாந்து கிடந்தன.

"படுத்திருக்கிறது எப்படிங்கய்யா விழும்?" என்றான் தவசி. காற்றும் அன்று என்னென்னவோ செய்து பார்த்தது. ஒன்றையும் அதனால் விழவைக்க முடியவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் சுபேதார் அவர்களை அனுப்பவில்லை. வேறு ஆள் கிடைக்காததுதான் காரணம். ஆனால் ஆவாரங்குளத்துக்காரர்களோடு போட்டி என்று முடிவானதும் தவசியைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மாவட்டத்துலேருந்து நடுவர் வர்றாரு. போட்டி நல்லபடியா நடந்து நம்ம ஊரு ஜெயிச்சா நீங்க நாலு பேரும் நிரந்தரம். ஏதாவது கோளாறு பண்ணுனீங்க, அன்னைக்கே கணக்கு முடிஞ்சது. புரியுதா?"

தவசிக்கு நிரந்தரம் என்ற சொல் தேனாக இனித்தது. அதைப் பூமயிலிடம் போய்ச் சொல்கிற நேரத்தை நினைத்துப் பார்த்தான். அவள் சிரிப்பாள். கிரைண்டர் இருந்த இடத்திலேயே இருக்கும். உலகத்தில் அவனுக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

போட்டி நாள் காலையில் சுபேதார் ஒரு வாளி மைதா பசையும், வட்டமாக வெட்டிய தாள்களும் கொண்டுவந்தார். "பழைய ஓட்டை இருந்தா எது புது ஓட்டைன்னு நடுவருக்குத் தெரியாது. அதனால எல்லாத்தையும் அடைச்சிரணும். கறுப்புல இருந்தா கறுப்புத் தாள், வெள்ளையில இருந்தா வெள்ளைத் தாள். நான் போய் நடுவரைக் கூட்டிக்கிட்டு வர்றேன். திரும்பி வரும்போது இந்த மைதானத்துல ஒரு ஓட்டை என் கண்ணுல படக்கூடாது."

ஆறு பலகைகளையும் அரை மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். உண்மையிலேயே சுத்தமான வேலை. அங்கேயே நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது.

"அண்ணே, ஐயா பலகையின்னு சொன்னாரா, மைதானம்னு சொன்னாரா?" என்றான் சேவுகன்.

"மைதானம்னுதான் சொன்னாரு" என்றான் ஒச்சப்பன்.

நால்வரும் திரும்பி மைதானத்தைப் பார்த்தார்கள். எங்கே பார்த்தாலும் ஓட்டையாக இருந்தது.

சாமியானாவில் பதினைந்து இருபது ஓட்டை. பிளாஸ்டிக் நாற்காலிகளின் முதுகு முழுக்க ஓட்டை. கரையில் நண்டு வளை, எலி வளை. எல்லாவற்றுக்கும் தாள் ஒட்டினார்கள். ஓர் எலி வெளியே வந்து தாளைக் கிழித்தது. இருளாண்டி மறுபடி ஒட்டினான். மறுபடி கிழித்தது. கடைசியில் இருளாண்டி எலியிடம் நிலைமையை எடுத்துச் சொல்லி, வேறு வளைக்கு அனுப்பிவைத்தான். அந்த வளையையும் சேவுகன் அதற்குள் அடைத்துவிட்டிருந்தான்.

விருந்தாளிகளுக்காக ஒரு கூடை நிறைய உளுந்து வடை வந்திருந்தது. தவசி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்தான். ஒரு வடை பாக்கி இல்லாமல் நடுவில் ஓட்டை.

"கடைக்காரன் நம்மள மாட்டிவிடத்தான் இப்படிப் பண்ணியிருக்கான்" என்றான் ஒச்சப்பன். பொறுமையாக உட்கார்ந்து ஒவ்வொரு வடைக்கும் பசை தடவி வெள்ளைத் தாள் ஒட்டினார்கள்.

நாதஸ்வரக்காரர் கருவியைத் துணியில் சுற்றி வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார். பிரித்துப் பார்த்த சேவுகன், "பாவம், பெரிய மனுஷன். இத்தனை ஓட்டையை வச்சுக்கிட்டு எப்படி ஊதுவாரு?" என்று உருகிப்போனான். கருவி கறுப்பாக இருந்ததால் கறுப்புத் தாள்.

கடைசியாக, மேஜை மேல் வரிசையாக வைத்திருந்த ஏர்கன்களுக்கு வந்து சேர்ந்தார்கள். உள்ளூர்த் துப்பாக்கிகளும் அங்கேதான் இருந்தன, ஆவாரங்குளத்துத் துப்பாக்கிகளும் அங்கேதான் இருந்தன.

"அண்ணே, பலகையில ஓட்டை எதனால விழுது?"

"குண்டுனால."

"குண்டு எங்கேருந்து வருது?"

"துப்பாக்கியிலேருந்து."

"துப்பாக்கியில எங்கேருந்து?"

ஒச்சப்பன் துப்பாக்கியின் முனையை எட்டிப் பார்த்தான். அவன் முகம் மாறியது. மெதுவாகத் தவசியின் காதருகே வந்தான்.

"அண்ணே, எல்லா ஓட்டைக்கும் தாய் ஓட்டை இங்க இருக்கு."

சுபேதார் இத்தனை வருஷம் பட்டாளத்தில் இருந்தும் இதைக் கவனிக்கவில்லையே என்று தவசிக்கு அவர் மேல் பரிதாபம் வந்தது. மிச்சமிருந்த பசையை எல்லாம் அங்கேதான் செலவு செய்தார்கள். தாளை உருட்டி உள்ளே திணித்து, மேலே ஒன்று ஒட்டி, வெயிலில் காயவைத்தார்கள். கறுப்பு முனையில் கறுப்புத் தாள் ஒட்டியது கண்ணுக்கே தெரியவில்லை.

நடுவர் அருமைநாயகம் வந்து இறங்கியதும் நாதஸ்வரக்காரர் மூச்சை இழுத்து ஊதினார். ஒரே ஒரு சுரம் வந்தது. விரலை எங்கே எடுத்தாலும் எங்கே வைத்தாலும் அதே சுரம்தான். அபாயச் சங்கு ஊதுகிறது என்று நினைத்து நடுவர் தரையில் குப்புறப் படுத்துவிட்டார். அவருடைய எச்சரிக்கை உணர்வை ஊரே பாராட்டியது. எழுந்து வந்து ஒரு வடையைக் கடித்தவர், மென்றுகொண்டே இருந்தார். போட்டி தொடங்கும் வரைக்கும் மென்றுகொண்டிருந்தார்.

ஊருக்கு மூன்று பேர், ஆளுக்கு ஐந்து குண்டு. ஆறாவது ஸ்டாண்டு உள்ளூர் மருந்துக்கடைக்காரர் அய்யாவு என்பவருக்கு. அவர் காய்ச்சல் என்று வரவில்லை. சொல்லியனுப்பவும் இல்லை. மற்ற ஐந்து பேரும் நின்று 'டப் டப்' என்று சுட்டார்கள். சத்தம் வந்தது, குண்டு வரவில்லை. உள்ளூர்க்காரர்களுக்குக் குண்டு பலகையில் படாமல் போவது புதிதில்லை என்பதால் அவர்கள் சந்தேகப்படவில்லை. ஆவாரங்குளத்துக்காரர்கள், வெளியூர்க் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டார்கள்.

சுட்டு முடித்துத் துப்பாக்கிகளைக் கீழே வைத்ததும், இனி யாரும் சுடக்கூடாது என்று சிவப்புக் கொடி ஏறியது. நால்வரும் கரை மறைவிலிருந்து ஓடிவந்து பலகைகளைப் பார்த்தார்கள். ஒன்றிலும் ஒரு பொத்தல் இல்லை.

மற்ற மூவரும் சந்தோஷப்பட்டார்கள். தவசிக்கு மட்டும் முகம் வெளிறிப்போனது.

"என்னண்ணே?"

"ஓட்டையே விழலைன்னா அடைக்கிறதுக்கு எதுக்குடா ஆளு? நம்ம வேலை போச்சு. பூமயிலு போயிருவா. கிரைண்டரும் போயிரும்" என்றான்.

"நாமளே ஓட்டை போட்டா?" என்றான் சேவுகன்.

"அது தப்புடா. சுட்டவன் பலகையில நாம கைவைக்கக் கூடாது" என்றான் தவசி. அவன் நேர்மைக்காரன்.

"அப்ப சுடாதவன் பலகையில போடுவோம்" என்றான் ஒச்சப்பன். "சுடாதவன் ஏன் கோவிச்சுக்கப் போறான்?"

இருளாண்டி அதுதான் நியாயம் என்றான். நடுவர் நடந்து வருவதற்குள் ஆறாவது பலகையில் ஆணியை வைத்து ஐந்து ஓட்டை போட்டார்கள். எப்படியும் போடுவதென்று ஆனபின் ஓரத்தில் போடுவானேன் என்று, ஐந்தையும் கறுப்புப் பொட்டின் மத்தியிலேயே போட்டார்கள். அவசரத்தில் ஆணி வழுக்கி, ஒன்று மட்டும் மயிரிழை தள்ளிப் போய்விட்டது.

நடுவர் ஐந்து பலகைகளுக்கு முட்டை போட்டுவிட்டு ஆறாவதன் முன் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, கையிலிருந்த பட்டியலில் ஆறாவது பெயரைப் பார்த்தார்.

"யாரு இந்த அய்யாவு?"

"அந்த ஆளு வரவே இல்லையே" என்று ஆவாரங்குளத்துக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள்.

"மார்க்கு காகிதத்துக்குத்தான். ஆள் வந்தாரா வரலையாங்கிறதுக்கு மார்க்குக் கிடையாது" என்று நடுவர் தீர்ப்புச் சொன்னார். ஏதோ சொல்ல வாயைத் திறந்த சுபேதார், எதிராளிகளின் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே மூடிக்கொண்டார். கொக்கரங்கோட்டை ஜெயித்தது. சாயங்காலம் ஆவதற்குள், அது நியாயமான வெற்றிதான் என்று சுபேதாரே நம்பத் தொடங்கியிருந்தார்.

நால்வரும் நிரந்தரமானார்கள். தவசி மூச்சிரைக்க வீட்டுக்கு ஓடிச் சொன்னபோது பூமயில் அவன் நினைத்ததைவிட அதிகமாகவே சிரித்தாள். அண்ணன் வீட்டுக்குக் கட்டிவைத்த மூட்டையை அவிழ்த்து, அன்றைக்கே தோசைக்கு அரிசி ஊறப்போட்டாள்.

நிரந்தரமானவர்களின் முதல் வேலை, வெற்றிக் கோப்பையை அய்யாவு வீட்டில் சேர்ப்பது. போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டி அதை வாங்கிக்கொண்ட அய்யாவு, பலகையிலிருந்து உரித்த காகிதத்தையும் வாங்கி உற்றுப் பார்த்தார்.

"ஒன்னு லேசா விலகியிருக்கே. காய்ச்சல்ல கை நடுங்கியிருக்கும்" என்றார்.

"அதையெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க சார். நீங்க வந்து சுட்டப்பல்லாம் ஒரு குண்டுகூட பட்டதில்ல. வராம இருந்தீங்க, அஞ்சும் நடுவுல. அடுத்த தடவை இன்னும் நல்லா வராம இருங்க" என்றான் தவசி.

இதில் விஷயம் இருக்கிறது என்று அய்யாவுக்குப் பட்டது. மறுநாள் மருந்து வாங்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்டாண்டுகள் ஆறும் நிமிர்ந்து நின்றன. நாலு பேரும் பசை வாளியோடும் ஆணியோடும் தயாராக இருந்தார்கள். சுட ஒருவரும் வரவில்லை. எல்லாரும் அவரவர் வீட்டில் வராமல் இருந்து பழகிக்கொண்டிருந்தார்கள். சுபேதார் மட்டும் பட்டாளத்து ஒழுங்கை விடாமல் விடிவதற்கு முன்பே எழுந்து, குளித்து, சீருடை மாட்டி, பூட்ஸ் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு, திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டார்.