நாச்சிமுத்து விதைச்ச மசால்

எங்க பால் சொசைட்டியில மூணு வாரம் சேந்தாப்புல பால் ஊத்தாட்டி உறுப்பினர் பேரை அடிச்சிருவாங்க. அன்னைக்கு நாச்சிமுத்துக்குக் கடைசி நாள். மனுசன் வெறும் கேனோட வந்து நிக்கிறாரு. "பால் எங்கீங்ணா?"ன்னு கேட்டுக்கிட்டே செயலாளர் தெய்வானை நோட்டைத் திறந்துருச்சு.

"பொறு அம்மிணி, பேனாவை மூடு. என்ற மேய்ச்சக்காட்டுல புதுரக வேலிமசால் போட்டிருக்கனே, தெரியுமில்ல? பயறுச் சாதித் தீவனம். உரம் வேண்டாம், மோட்டார் வேண்டாம், தண்ணி வேண்டாம். வெயிலை அப்படியே குடிச்சு இலைக்குள்ள அடைச்சு வெச்சுக்குது. என்ற செவலை மாடு நாலே நாலு தழைதான் தின்னுச்சு. பால் மடியிலயே கொதிச்சுப்போச்சு!"

"சக்கரை மட்டும் போடலியாக்கும்," வரிசையில நின்ன சென்னியப்பன் சொன்னான்.

"சிரி மாப்ள, சிரி. கறந்த கை பொத்துப்போச்சு பாரு." நீட்டுன கையில ஒண்ணையும் காணோம். "அதுக்கும் மசால் தழையத்தான் வெச்சுக் கட்டுனேன். ஒரே நிமிசம், ஆறிப்போச்சு."

"சரிங்ணா, அந்தக் கொதிச்ச பாலையாச்சும் ஊத்துங்க."

"மாடு நின்னாத்தான? அஞ்சாவது தழை வாயில பட்டதும் கயித்த அத்துக்கிட்டு ஓடுச்சு. சும்மா ஓடல, கலப்பையையும் இழுத்துக்கிட்டு. உச்சிப்பொழுதுக்குள்ள ஊர்க்காடு பூராவும் உழுது முடிச்சுருச்சு."

"எங்காட்ட யாரும் உழுவலியே மாமா?" சென்னியப்பன் விடல.

"உன்ற காடு வெறுங்கல்லு. மாடே பாத்துட்டு வேண்டாம்னு தாண்டிப் போயிருச்சு. அது கெடக்கட்டும், சாணியக் கேளு! ஒத்தை வரட்டியப் பத்த வெச்சேன், மூணு நாளா அடுப்பு அணையல. மிச்சச் சூட்டக் கம்பி போட்டு இழுத்துவிட்டேன், கரண்ட் மீட்டர் பின்னால சுத்துது. கரண்ட் ஆபீஸ்காரரு வந்து, 'அண்ணா, தாங்கல, காட்டைச் சாக்கு போட்டு மூடுங்க'ன்னு கையெடுத்துக் கும்புட்டாரு!"

வரிசையே சிரிச்சுச்சு. தெய்வானை பேனாவை மூடல.

"முப்பது வருசமா ஊத்துறேன் அம்மிணி. பேரை அடிச்சுட்டா எந்த மொகத்தோட இந்தப் பக்கம் வருவேன்?" இதுல மட்டும் புளுகு இல்ல. எனக்கே பாவமாப் போச்சு.

அப்பத்தான் அவரு சம்சாரம் பாவாயி மொபட்ல வந்து எறங்குச்சு. பின்னால ஒரு கேன் நெறையப் பால்.

"மசால் கதையா சொல்றாரு? வெதைத்தோல் கெட்டி, சுடுதண்ணியில அஞ்சு நிமிசம் முக்கி எடுத்து வெதைங்கன்னு வெதை குடுத்தவங்க சொன்னாங்க. இவரு அடுப்புல ஏத்திட்டுப் பேசப் போயிட்டாரு. அத்தனையும் சுண்டலா வெந்துபோச்சு. அதையும் கொண்டுபோய்க் காட்டுல வெதைச்சாரு! ஒரு குருத்து மொளைக்கல. மாட்டை எட்டு மைல் தள்ளி எங்கண்ணன் ஊருக்கு நடத்திக் கூட்டிட்டுப் போயி மேய்ச்சு, இன்னைக்குத்தான் கறந்து கொண்டாறேன். கண்ணு, அவரு பேரை அடிச்சுட்டு எம்பேரை எழுது."

தெய்வானை ஒரு கோடு போட்டுச்சு. கீழ 'பாவாயி'ன்னு எழுதுச்சு.

நாச்சிமுத்து நோட்டையே பாத்தாரு. அப்புறம் எங்க பக்கம் திரும்பினாரு.

"கேட்டீங்களா? வெந்துபோன வெதை! அதுல ஒரு வாய் தின்னுட்டுத்தான் எட்டு மைல் நிக்காம நடந்திருக்குது மாடு!"