ஸலவேயும் அவள் தங்கையும்

முன்பு, சொற்களின் குடும்பம் ஒன்றில் மூன்று சகோதரிகள் இருந்தார்கள். கைக்குள் அடங்குகிற ஒரு தவிட்டு நிறப் பறவைக்குப் பெயராக இருப்பதுதான் அவர்கள் வேலை. நைட்டிங்கேல் என்கிறோமே, அந்தப் பாட்டுப் பறவைக்கு. மூத்தவள் ஸலவேய் ருஷ்ய தேசத்தில் வாழ்க்கைப்பட்டாள். நடுவுள்ளவள் ஸ்வோவிக் போலந்துக்குப் போனாள். கடைக்குட்டி ஸ்லாவீக் செக் நாட்டில் குடியேறினாள்.

மூத்தவளுக்குத் தங்கைகளை நினைத்தாலே வயிறு எரியும். சொற்களின் உலகில் ஒலியால் ஒத்தவர்கள்தான் அண்டை வீட்டார். ஸ்வோவிக்கின் பக்கத்து வீட்டுக்காரி பெயருக்கு அந்த ஊரில் ‘சொல்’ என்று பொருள். ஸ்லாவீக்கின் பக்கத்து வீட்டுக்காரி பெயருக்கோ ‘புகழ்’. ஸலவேயின் அண்டை வீட்டில் இருந்தவள், வைக்கோல் நிறக் குதிரையைக் குறிக்கிற ஒரு சொல்.

“ஒருத்திக்குச் சொல், ஒருத்திக்குப் புகழ். எனக்கு மட்டும் குதிரைத் தோலா?” என்று ஸலவேய் பொருமினாள். அவர்கள் முகத்தில் முழிப்பதில்லை என்று முடிவு செய்தாள்.

ஆனால் சொல்லுக்குச் சொந்தக் கால் கிடையாது. பேசுகிறவர் போகும் இடமெல்லாம் அதுவும் போக வேண்டும். கிளாஃபிரா என்ற ருஷ்ய மூதாட்டி முழங்கால் வலிக்கு வெந்நீர் ஊற்றில் குளிக்க, தனியாக ரயிலேறி ஒரு செக் ஊருக்குப் போனாள். அவள் வாய்க்குள் இருந்த ஸலவேயும் போக வேண்டியதாயிற்று.

வைகாசிக் காலை. பூங்காவில் அந்தப் பறவை பாடியது. கிளாஃபிரா நின்றாள். “ஸலவேய்!” என்றாள். சொன்ன வாய் ஒரு பக்கமாகக் கோணியது. அப்படியே சரிந்து விழுந்தாள்.

பக்கவாதம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் கண் விழித்தபோது வாய்க்குள் ஒரு சொல்லும் இல்லை. தண்ணீர், வலி, மகன் பெயர், எல்லாம் வெளியேறியிருந்தன. விழுகிற நேரத்தில் உதட்டில் நின்ற ஸலவேய் மட்டும் அங்கேயே தங்கிவிட்டாள்.

ஸலவேய்க்குத் தலைகால் புரியவில்லை. “இந்த அம்மாவுக்கு என்னைத் தவிர நாதியில்லை. எந்தப் புகழுக்கு இந்தப் பாக்கியம் கிடைச்சிருக்கு?”

குளிர் ஆகாது என்று வைத்தியர் சொன்னதால் ஜன்னலை இறுகச் சாத்தியிருந்தார்கள். பறவையின் குரல் உள்ளே வரவில்லை. கிளாஃபிரா ஜன்னலைக் காட்டி ஸலவேயை வெளியே அனுப்பினாள். கோணிய வாயில் அவள் குழறலாகத்தான் வந்தாள்.

தாதி ஹெட்விகா குனிந்தாள். “என்னம்மா வேணும்? குளிருதா?” என்று திரையையும் இழுத்துவிட்டாள்.

அந்தத் தாதியின் வாய்க்குள் இருந்தவள் ஸ்லாவீக். அவளுக்குச் சட்டென்று அக்காவின் வாசனை தெரிந்தது. “அக்கா! நீதானா? முகத்தைக் காட்டேன். உன்னைப் பார்த்தா எங்க ஹெட்விகாவுக்கு என் ஞாபகம் வரும். விஷயம் விளங்கிடும்.”

“உன் சாயலைக் காட்டித்தான் நான் பிழைக்கணுமா?”

ஸலவேய் முக்காட்டை இழுத்துக்கொண்டாள். தங்கைக்கும் தனக்கும் பொதுவான ஸகரத்தையும் லகரத்தையும் கோணல் வாய்க்குள் மறைத்துக்கொண்டு, “ஆ...வேய்” என்று மட்டும் வெளியே வந்தாள். ஹெட்விகா தண்ணீர் கொடுத்தாள். போர்வை கொடுத்தாள். ஜெபமாலை கொடுத்தாள். மூதாட்டி ஒவ்வொன்றையும் தள்ளிவிட்டாள்.

மூன்றாம் நாள் கஞ்சியையும் தள்ளினாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

“இப்படியே விட்டா ஞாயிற்றுக்கிழமை வரைகூடத் தாங்காது. மகன் வர்றதுக்குள்ள...” என்றாள் ஹெட்விகா.

“அக்கா,” என்றாள் ஸ்லாவீக், “உனக்கு என் மேலதானே கோபம்? இந்த அம்மா உனக்கு என்ன செஞ்சாங்க?”

ஸலவேய் கீழே பார்த்தாள். அவள் உட்கார்ந்திருந்த நாக்கு காய்ந்து வெடித்திருந்தது. மூன்று நாளாகத் தன்னை ஒருத்தி தூக்கித் தூக்கி வெளியே அனுப்பியதும், தான் வேண்டுமென்றே முகத்தை மூடிக்கொண்டு போனதும் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கிளாஃபிராவின் உதடு மறுபடி அசைந்தது. இந்த முறை கடைசி மூச்சைச் சேர்த்து அசைந்தது போலிருந்தது.

ஸலவேய் முக்காட்டை எடுத்தாள்.

“ஸ... ல... வேய்.”

ஹெட்விகா கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். “ஸ்லாவீக்? அம்மா, ஸ்லாவீக்கா?”

மூதாட்டி தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே அழுதாள். ஹெட்விகா ஓடிப்போய்த் திரையை விலக்கி, ஜன்னல் கதவு இரண்டையும் தள்ளினாள். பூங்காவில் பறவை பாடிக்கொண்டிருந்தது. கிளாஃபிரா கேட்டுக்கொண்டே அரைக் கிண்ணம் கஞ்சி குடித்தாள்.

அதன் பிறகு தண்ணீர் வந்தது, ரொட்டி வந்தது, மகன் பெயர் வந்தது. போன சொற்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தன. ஸலவேயின் தனி ராஜ்ஜியம் முடிந்தது. அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள்.

மகன் வந்து அழைத்துப் போகிற நாளில் கிளாஃபிரா தாதியின் கன்னத்தைத் தொட்டாள். நன்றி சொல்ல அந்த ஊர்ப் பேச்சில் அவளுக்கு ஒரே ஒரு சொல்தான் தெரியும். “ஸ்லாவீக்,” என்றாள்.

தன் வீட்டுக்குள்ளேயே தங்கை வந்து நிற்பதை ஸலவேய் பார்த்தாள். வயிறு எரிந்தது, முன்பைவிட அதிகமாகவே எரிந்தது.

இருந்தாலும் நாக்கில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.