ஒரே முறை நின்ற சக்கரம்

முன்பொரு காலத்தில், செங்குத்தான பாறையின் உச்சியில் ஒரு கோட்டை இருந்தது. உள்ளே கிணறு கிடையாது. அடிவாரத்து ஆற்றிலிருந்து நான்கு கமலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தண்ணீரை மேலேற்றின. மாடுகள் கயிற்றை இழுக்க, தோல்பறிகள் நிரம்பி வரும். கயிறு அடிக்கடி அறுந்தது. அறும்போதெல்லாம் அரசர் சிம்மாசனத்தை விட்டு எழுந்துவிடுவார். மறுபடி தண்ணீர் வரும்வரை சாளரத்துக்கும் வாசலுக்குமாக நடப்பார். கோடை நெருங்க நெருங்க அவரால் உட்காரவே முடியவில்லை.

"நிற்காமல் இறைக்கும் கருவி எது? எனக்கு உடனே தெரிய வேண்டும்" என்றார்.

அமைச்சர் வில்லவராயர் மூன்று பண்டிதர்களை அழைத்து வந்தார். ஊர் ஊராக நீர்க்கருவிகளை ஒப்பிட்டுத் தரம் சொல்வது அவர்கள் தொழில். மூத்தவர் ஓலையை வாசித்தார்.

"இந்த ஆண்டில் இக்கோட்டைக் கமலைகள் நாற்பத்திரண்டு முறை நின்றன. வெள்ளாற்றூர் நீர்ச்சக்கரம் நின்றது ஒரே ஒரு முறை. ஆகவே சக்கரமே நாற்பத்திரண்டு மடங்கு நம்பத்தக்கது."

அரசர் முகம் மலர்ந்தது. பத்து நாளில் கமலைகளைப் பிரித்துவிட்டு அதேபோல ஒரு சக்கரம் அமைக்கும்படி ஆணையிட்டார். அந்தச் சக்கரத்தைச் செய்தவர் அமைச்சரின் மைத்துனர். சபையில் பாதிப் பேருக்கு அது தெரியும்.

விகடகவி வெண்காடன் மட்டும் எழுந்தான். "பண்டிதரே, அந்தச் சக்கரத்தை நேரில் பார்த்தீர்களா?"

"அவசியமில்லை. செய்தவரிடமே கேட்டு எழுதினோம். அவரைவிட அதை அறிந்தவர் யார்?"

வெண்காடன் சிரித்துவிட்டான். அமைச்சர் அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டார். "அரசே, அறிஞர்களைப் பரிகசிப்பவர் அவர்கள் ஓலை தவறென்று நிரூபிக்கட்டும். பத்தாம் நாள்வரை அவகாசம் கொடுங்கள். ஆனால் அவர் தினமும் அவையில் இருக்க வேண்டும். தவறினால் நாடு கடத்துங்கள்."

அவனை வெள்ளாற்றூர்ப் பக்கம் போகவிடாமல் செய்யத்தான் அந்த ஏற்பாடு. அரசர் யோசிக்காமல் தலையசைத்தார்.

அன்று இரவு வெண்காடன் யோசித்தான். கோட்டைக்குள் நாலாயிரம் பேர். அவனுடைய இரண்டு பெண் குழந்தைகளும் அதில் அடக்கம். சக்கரம் நின்றால் சித்திரை வெயிலில் அத்தனை பேரும் என்ன செய்வார்கள்? நாடு கடத்துவதைப் பற்றியும் நினைத்தான். நினைக்க நினைக்கக் கால் பரபரத்தது. மறுநாள் விடிந்ததும் அவைக்குப் போகாமல் வெள்ளாற்றூர் வழியைப் பிடித்தான்.

போக நான்கு நாள், அங்கே ஒரு நாள், வர நான்கு நாள். பத்தாம் நாள் காலை, கமலைகளைப் பிரிக்க ஆட்கள் கடப்பாரையோடு நின்றபோது, புழுதி படிந்த வேட்டியோடு அவைக்குள் நுழைந்தான். பின்னால் தலைச்சுமையோடு நடந்து நடந்து கழுத்து வளைந்துபோன ஒரு பெண்.

"ஆணையை மீறினாய்" என்றார் அரசர்.

"அரசே, இந்த ஆண்டில் அமைச்சர் எத்தனை முறை அவைக்கு வராமல் இருந்தார்?"

அவைக் கணக்கர் பதில் சொன்னார். "பன்னிரண்டு முறை. ஒவ்வொன்றும் அரை நாள்."

"நான் ஒரே முறை. ஆகவே பண்டிதர்களின் ஓலைப்படி நான் அமைச்சரைவிடப் பன்னிரண்டு மடங்கு நம்பத்தக்கவன்."

"ஒன்பது நாள் உன்னைக் காணவில்லையே."

"ஒன்பது நாளானாலும் ஒரு முறைதானே, அரசே? எத்தனை முறை என்றுதான் ஓலையில் இருக்கிறது. எவ்வளவு நேரம் என்று இல்லை. நம் கமலை நின்றால் ஒரு நாழிகைக்குள் கயிற்றை முடிந்து ஓட்டிவிடுகிறார்கள். வெள்ளாற்றூர்ச் சக்கரம் எப்போது நின்றது என்று இந்த அம்மாவைக் கேளுங்கள். பெயர் வடிவாள்."

வடிவாள் கும்பிட்டாள். "தைப்பூசத்தன்னைக்கு அச்சு முறிஞ்சுது சாமி. அதோட சரி, இன்னிவரைக்கும் சுத்தல. ஊரே ஆத்துல இருந்து குடத்துல சுமக்குது."

அரசர் பண்டிதர்களைப் பார்த்தார். மூத்தவர் ஓலையைச் சுருட்டத் தொடங்கினார்.

"சுருட்ட வேண்டாம்" என்றார் அரசர். "நின்றது ஒருமுறை என்றீர்கள். மறுபடி ஓடியது எத்தனை முறை?"

பண்டிதர்கள் அமைச்சரைப் பார்த்தார்கள். அமைச்சர் கீழே பார்த்தார். கடப்பாரைக்காரர்களைத் திருப்பி அனுப்பும்படி ஆணை போனது. அரசர் பல வாரங்களுக்குப் பிறகு சாய்ந்து உட்கார்ந்தார். தம் பட்டுச் சால்வையை வெண்காடனுக்குப் போர்த்தினார்.

"அம்மா, உனக்கு என்ன வேண்டும்?"

"எங்க ஊருக்கும் ஒரு கமலை கட்டிக் குடுங்க சாமி."

"தந்தேன். மாடும் தருகிறேன்."

வடிவாள் மூன்று பண்டிதர்களையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"மாடு ஓட்ட ஆள் வேணுமே சாமி. இவங்க மூணு பேரும் சும்மாத்தானே இருக்காங்க?"

அரசர் வாய்விட்டுச் சிரித்தார். அன்று மாலையே பண்டிதர்கள் மாடு ஓட்டும் தார்க்குச்சியோடு வெள்ளாற்றூருக்குப் புறப்பட்டார்கள்.