ஊருணியில அலசுன துணி

ஒரு ஊர்ல ஒரு ஊருணி. ராசா கிடையாது, ராணி கிடையாது, கிளி வந்து பேசாது. ஊருணிதான். போதும்னா கேளு, போதாதுன்னா சுவத்துப் பக்கம் திரும்பிப் படு.

ம் சொல்லு. சொன்னாத்தான் கதை நகரும்.

ஊருணின்னா குடிதண்ணிக் குளம். மழை பெஞ்சா நிறையும், அத வச்சு வருசம் பூராவும் ஓட்டணும். எங்க தோண்டுனாலும் உப்புத் தண்ணி வர்ற சீமை அது. அதனால ஊருணியில ஒருத்தரும் கால் வைக்க மாட்டாங்க. செருப்பக் கரைக்கு வெளியவே கழட்டிப் போடணும். படியில குனிஞ்சு குடத்தச் சாய்ச்சா களக் களக் களக்னு ரொம்பும். தூக்கிக்கிட்டுப் போயிரணும். குளிக்கக் கூடாது, துவைக்கக் கூடாது, மாட்ட இறக்கக் கூடாது. எந்த வீடு மீறுனாலும் அந்த வீட்டுக் குடம் ஒரு வருசம் தண்ணியில படக் கூடாது. அதுதான் கட்டுப்பாடு.

அந்த ஊர்ச் சனம் உடம்பப் பேணுறதுல கெட்டி. சனிக்கிழமை எண்ணெ தேச்சு முழுகுவாங்க. வாரத்துல ஒரு நா வேப்பங்கொழுந்து திம்பாங்க. வெளிய போயிட்டு வந்தா கால் கழுவாம வாசப்படி தாண்ட மாட்டாங்க. புள்ளைகளுக்கு ஆறு மாசத்துக்கு ஒருக்கா மூக்கப் பிடிச்சு விளக்கெண்ணெ ஊத்துவாங்க. சிரிக்காத, உனக்கும் ஊத்துவாங்க.

ஆனா ஒண்ணு. தண்ணியக் காய்ச்சிக் குடிக்க மாட்டாங்க. வெந்நி நோவாளிக்கு, இல்ல புள்ள பெத்தவளுக்கு. நல்லா இருக்குறவன் வெந்நி குடிச்சா சீக்க வெத்தல பாக்கு வச்சு அழைக்கிற மாதிரின்னு ஒரு நெனப்பு. ஒரு வீட்ல வெந்நி போட்டாப் போதும், அடுத்த வீட்டுக்காரி எட்டிப் பாத்து, யாருக்கு மேலுக்கு முடியலன்னு கேட்டுருவா.

தூங்கிட்டியா? ம் எங்க?

சரி. ஊருணிக்கு ஒரு காவல்காரன், பேரு அடைக்கலம். பொண்டாட்டி ஒச்சம்மா. கல்யாணமாகி ஒம்பது வருசம் கழிச்சு ஒரு பொம்பளப் புள்ள, மாயழகு. நாலு வயசு. அவதான் அவங்களுக்கு எல்லாம்.

அந்த வருசம் மழை இல்ல. வயலுக்குப் பாயுற கண்மாய் வெடிச்சுக் கிடந்துச்சு. ஊருணியில மட்டும் தண்ணி, அதுவும் பாதிக்குக் கீழ. அப்போ பாத்து மூணு பேரு வந்தாங்க.

முதல்ல அம்பலக்காரர் காளை. அம்பலக்காரர்னா ஊருக்குப் பெரிய மனுசர். காளை தாகம் தாங்காம கயித்த அத்துக்கிட்டு தட தட தடன்னு ஓடியாந்துச்சு. அடைக்கலம் குறுக்க விழுந்து மறிச்சான். கொம்பு விலாவுல பாஞ்சிருச்சு. ரத்தம் ஒழுக ஒழுக மாட்ட விரட்டிட்டுத்தான் உக்காந்தான்.

அப்புறம் ஒரு கல்யாணக் கூட்டம் வந்துச்சு. மாப்பிள்ள காலெல்லாம் செம்புழுதி. நனைச்சுக்கிடலாம்னு படியில இறங்குனான். அடைக்கலம் கம்ப டொக் டொக்னு தட்டி, ஏறு மேலன்னுட்டான். மாப்பிள்ளையோட மாமன், ஊருணிய இவன் மாமியா வீட்டுல சீதனமாக் குடுத்தாங்க போலன்னு கேலி பேசுனாரு. கூட்டமே சிரிச்சுச்சு. அவன் அசையல. மாப்பிள்ள அழுக்குக் காலோடதான் மணவறைக்குப் போனான்.

மூணாவதா வந்தது ஒச்சம்மா.

மாயழகுக்கு முந்தின நாள்லருந்து வயித்தால போயிக்கிட்டிருந்துச்சு. தண்ணி தண்ணியா. கண்ணு குழி விழுந்திருச்சு. உடுத்திவிட இருந்த துணியெல்லாம் தீந்து போச்சு. அலசுறதுக்கு உப்புக் கிணத்துக்குப் போகணும்னா போக வர அரைப் பொழுது. புள்ளைய அம்புட்டு நேரம் விட்டுட்டுப் போக முடியுமா? அவ உச்சி வெயில்ல, ஆள் இல்லாத நேரமா வடக்குக் கரைக்கு வந்தா. உக்காந்தா. சளப், சளப், சளப். ஒரே ஒரு துணிதான்.

அடைக்கலம் மரத்தடியில இருந்து பாத்தான். அவளும் இவனப் பாத்தா.

அவன் மூஞ்சியத் திருப்பிக்கிட்டான்.

ஏன்னா, சொன்னா ஒரு வருசம் குடம் வைக்க முடியாது. வீட்ல புள்ள நாக்கு வறண்டு கிடக்கு. அத நெனச்சான். காளைக்குப் பயப்படாதவன் அதுக்குப் பயந்துட்டான்.

ம்.

ஒச்சம்மா வீட்டுக்கு வந்து அடுப்ப மூட்டுனா. நோவாளிப் புள்ளையாச்சே, வழக்கப்படி தண்ணியக் கள களன்னு கொதிக்க வச்சு, ஆத்தி, துளி உப்பும் கருப்பட்டியும் போட்டு சங்கு சங்காப் புகட்டுனா. வெந்நி அந்த வீட்ல மட்டுந்தான். மத்த வீட்டுல எல்லாரும் நல்லாத்தான இருந்தாங்க, பச்சத் தண்ணியவே குடிச்சாங்க.

ரெண்டு நாள் போச்சு. பானை வனையுற வேளார் வீட்டுக் கிழவருக்குப் பேதி. சாயங்காலம் போயிட்டாரு. வயசாச்சுல்லன்னு ஊர் சொல்லுச்சு. அடைக்கலம் அம்பலக்காரர் வாசல் வரைக்கும் போனான். திரும்பி வந்துட்டான்.

மறுநா கொல்லாசாரி பொண்டாட்டி போயிட்டா. நேத்து மதியம் உலைக்குத் துருத்தி போட்டவ. பழைய மீன் குழம்பு தின்னா, அதான்னு ஊர் சொல்லுச்சு. அடைக்கலம் மறுபடியும் அம்பலக்காரர் வாசல் வரைக்கும் போனான். என்னடா நிக்கிறன்னு அவரு கேட்டாரு. சும்மாதாங்கன்னு சொல்லிட்டு வந்துட்டான். சும்மாவாம்.

அப்போ அவன் வீட்ல மாயழகு எந்திரிச்சு உக்காந்து, பசிக்குதுன்னா. ஒச்சம்மா புள்ளையக் கட்டிக்கிட்டு அழுதா. ஊரெல்லாம் பச்சத் தண்ணி குடிச்சுச் சாகுது, நம்ம புள்ள வெந்நியில பொழைச்சுக்கிச்சுன்னு அடைக்கலத்துக்கு விளங்கிருச்சு.

மூணாவது நா அம்பலக்காரர் மகனுக்குப் பேதி. ரெண்டு வயசுப் பய. அடைக்கலம் ஓடுனான். இந்தத் தடவ வாசல்ல நிக்கல, உள்ளயே போயிட்டான். பயலோட ஆத்தா நாச்சி புள்ளைய மடியில போட்டு உக்காந்திருந்தா. கையில கிண்ணம்.

"ஆத்தா, பச்சத் தண்ணி குடுக்காதீங்க."

"பச்சத் தண்ணியா? ஊருணித் தண்ணிடா. நீ காக்குற தண்ணி."

அவன் அப்படியே தரையில உக்காந்துட்டான்.

"என் வீட்டுத் துணிய அதுல அலசுனாங்க. நான் பாத்தேன். சொல்லல."

நாச்சி கிண்ணத்தக் கீழ வச்சா. வைஞ்சாளா, இல்ல. அடிச்சாளா, இல்ல. அடுப்ப மூட்டுன்னு வீட்டாளுகிட்ட சொன்னா. தண்ணி கொதிச்சுச்சு. ஆத்துனாங்க. ஆறி முடியிறதுக்குள்ள பய போயிட்டான்.

நீ எந்திரிக்காத. படு. எல்லாக் கதையிலயும் புள்ள பொழைக்காது.

அப்புறம் அம்பலக்காரர் ஊரக் கூட்டுனாரு. தன் புள்ளையப் புதைச்ச கையோட வந்து நின்னு ரெண்டு சொன்னாரு. ஒண்ணு, இனி எந்த வீட்லயும் காய்ச்சாம ஒரு மொடக்குத் தண்ணி குடிக்கக் கூடாது. ரெண்டாவது, ஒரு வருசத்துக்கு அடைக்கலம் வீட்டுக் குடம் ஊருணியில படக் கூடாது. நாட்டாமையெல்லாம் பேசல. கட்டுப்பாடு எதுவோ அதத்தான் சொன்னாரு. அடைக்கலம் தலையக் குனிஞ்சு கம்பக் கீழ வச்சுட்டுப் போனான். கம்ப வேற ஆள் எடுத்துக்கிட்டான்.

அன்னைக்கு எல்லா வீட்டுக் கூரையிலயும் புகை. ஊரே நோவாளி வீடு மாதிரி ஆயிருச்சு. ஒவ்வொரு சாவா வந்துக்கிட்டிருந்தது நாலு நாள்ல நின்னுச்சு.

நின்னா என்ன ஆகும்? சோம்பல் வரும். வெறகுக்கு யாரு போறது, வெந்நி நாக்குக்குச் சப்புன்னு இருக்கு, அதான் சீக்குப் போயிருச்சேன்னு பேச ஆரம்பிச்சாங்க. அப்போ நாச்சி கிளம்புனா. விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஒவ்வொரு வீட்டு வாசலா வந்து நிப்பா. உள்ள வர மாட்டா, உக்கார மாட்டா. ஒண்ணே ஒண்ணுதான் கேப்பா.

"கொதிச்சுச்சா?"

கொதிச்சிருச்சு ஆத்தான்னு சொல்லணும். சொன்னா அடுத்த வீட்டுக்குப் போயிருவா. பொய் சொல்ல ஒருத்தருக்கும் வாய் வராது. அந்த மூஞ்சியப் பாத்து யாரு சொல்லுவா? ஆடியில காத்தடிச்சாலும் வருவா, ஐப்பசியில மழை கொட்டுனாலும் முக்காட்டப் போட்டுக்கிட்டு வருவா. ஒரு நா விட்டதில்ல. அடைக்கலம் வீட்டு வாசல்ல மட்டும் நிக்க மாட்டா. நேரா பாத்துக்கிட்டுத் தாண்டிப் போயிருவா.

அடைக்கலமும் ஒச்சம்மாவும் உப்புக் கிணத்துக்கு நடந்தாங்க. தினமும். உப்புத் தண்ணியில பருப்பு வேகாது. கஞ்சி கரிக்கும். மாயழகு ஒதடு வெடிச்சுப் போச்சு. ஒருத்தர் வீட்ல ஒரு சொம்பு கேக்கல. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்க?

ம். முழிச்சிருக்கியா? கொஞ்சந்தான் இருக்கு.

ஒரு வருசம் முடிஞ்சுச்சு. ஊர் ஆள் ஒருத்தன் வந்து, நாளையிலருந்து குடம் வச்சுக்கன்னு சொல்லிட்டுப் போனான். மறுநா காலையில ஒச்சம்மா ஊருணிக்குப் போயி ஒரு குடம் மொண்டு வந்தா. சாயங்காலம் அடுப்புல ஏத்துனா.

விளக்கு வைக்கிற நேரம். நாச்சி வந்தா. வழக்கமாத் தாண்டிப் போறவ, அன்னைக்கு அந்த வாசல்ல நின்னா.

"கொதிச்சுச்சா?"

அடைக்கலம் எந்திரிச்சான். தலையக் குனிஞ்சுக்கிட்டான். ஒச்சம்மா கதவுக்குப் பின்னால முந்தானைய வாயில வச்சுக்கிட்டு நின்னா.

அடுப்படியில இருந்து மாயழகு சொன்னா, "கொதிச்சிருச்சு பெரியாத்தா."

நாச்சி உடனே போகல. மத்த வீட்டுல நிக்கிறத விட ரெண்டு மூச்சு அதிகமா நின்னா. அந்தக் கொரல் வந்த பக்கமே பாத்துக்கிட்டு நின்னா.

அப்புறம் அடுத்த வீட்டுக்குப் போயிட்டா.

அம்புட்டுத்தான். கேள்வி கேட்டா நாளைக்குக் கதை கிடையாது. கதை வாய மூடிக்கிச்சு, நீ கண்ண மூடிக்க.