வரியைப் பார்த்துக் கொட்டிய கதண்டுகள்

"எவன் அவன்? என் குரலுக்குக் காத்திருக்க வேண்டாமென்று கதண்டு வண்டுகளிடம் சொன்னவன் எவன்?"

குளக்கரையில் நின்று கத்தியது ஆள்காட்டிப் பறவை. தண்ணீர் குடிக்க வந்த மான், முயல், நரி, மயில் எல்லாம் தலை குனிந்துகொண்டன.

ஆள்காட்டியின் காலடியில் காட்டுப்பன்றிக் குட்டி ஒன்று கதண்டு கொட்டி முகம் வீங்கிக் கிடந்தது. மூச்சு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

கழுதைப்புலிகள் வந்து குட்டிகளைத் தூக்கிப்போன காலத்தில், பனையுச்சியில் கூடு கட்டியிருந்த கதண்டுகளோடு மல்லுக்கட்டிப் பேசிக் காவலுக்கு ஒப்பவைத்தது இந்த ஆள்காட்டிதான். பேச்சு ஒன்றே ஒன்று. ஆள்காட்டி பார்க்கும்; அது கூவினால் மட்டும் கதண்டு பறக்கும். அதன்பிறகு எந்தக் கழுதைப்புலியும் குளத்துப் பக்கம் தலைகாட்டவில்லை. குற்றமில்லாத உயிர் எதன்மேலும் கொடுக்கு படவில்லை. அதில் ஆள்காட்டிக்குத் தனிப் பெருமை.

இப்போது யாரோ பனையடிக்குப் போய், "அந்தப் பறவை பார்த்து, யோசித்து, கூவுவதற்குள் பொழுது போய்விடும். உடம்பில் வரி இருந்தால் கழுதைப்புலி. கேட்காமல் கொட்டுங்கள்!" என்று ஓதிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

காட்டுப்பன்றிக் குட்டிக்கும் பிறந்த புதிதில் உடம்பெல்லாம் வரிதான். அதை எவன் நினைத்தான்?

"அக்கா, மிச்சக் குட்டிகள் நேற்றிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை," என்று விம்மியது தாய்ப்பன்றி.

"என் பின்னால் கூட்டிவா!"

"ஐயோ, கதண்டு?"

"என்னைத் தாண்டி வரட்டும், பார்க்கிறேன்!"

குட்டிகள் கரையிறங்கின. உடனே பனையுச்சியில் இரைச்சல் எழுந்தது. கரும்புகைபோல இறங்கின கதண்டுகள். ஆள்காட்டி நேர் எதிரே பாய்ந்தது.

"நில்லுங்கடா! கண் இருக்கிறதா உங்களுக்கு?"

"வரி தெரிகிறது, ஆத்தா. வரி இருந்தால் கொட்டணும். அதுதான் எங்களுக்கு ஏவல்," என்றது கதண்டுத் தலைவன்.

"பன்றிக்கும் கழுதைப்புலிக்கும் வித்தியாசம் தெரியுமா?"

"தெரியாது. அது எங்களுக்கு எதற்கு?"

"அதைப் பார்க்கத்தானே நான் கரையில் நிற்கிறேன்! தப்பாகக் கூவினால் பழி என் தலையில் விழும். என்னை நிறுத்திக் கேட்கலாம். உங்களை யாரடா கேட்பது?"

தலைவன் தயங்கியது. "உன் குரலுக்காக இன்று திரும்புகிறோம். ஆனால் ஏவினவர் வந்து ஏவலைத் திரும்பப் பெறாவிட்டால், நாளை மறுபடி இறங்குவோம்."

குட்டிகள் மடக்மடக்கென்று குடித்தன. வீங்கிக் கிடந்த குட்டியின் வாயில் தாய் தண்ணீர் விட்டது. அது நாக்கை அசைத்தது.

ஆள்காட்டி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கூட்டத்தை முகம் முகமாகப் பார்த்தது.

"கொல்லும் கொடுக்கை ஏவினால், பார்க்க ஒரு கண்ணும் பழி சுமக்க ஒரு தலையும் கூடவே இருக்கவேண்டும், அதை இல்லாமல் செய்தவனே, வெளியே வா, பனையடிக்குப் போய் உன் வாயாலேயே அந்த ஏவலைத் திரும்ப வாங்கு!"