மலை அடைகாத்த முட்டைகள்

அந்தக் காலத்தில், பறவைக்கும் பாறைக்கும் ஒரே பேச்சாக இருந்தபோது, கடலுக்கு நடுவே ஒரு தீவில் நெருப்புமலை ஒன்று இருந்தது. கெட்ட குணம் எதுவும் அதற்குக் கிடையாது. வயிற்றில் நெருப்பு, அவ்வளவுதான். ஆனால் பேச வாயைத் திறந்தாலே புகை வரும். எல்லாரும் ஓடிவிடுவார்கள்.

ஒரு மழைக்காலத்தில், செம்பி என்ற காட்டுக்கோழி நொண்டிக்கொண்டே அதன் அடிவாரத்துக்கு வந்தது. அலகால் அது இழுத்துவந்த பாக்குமட்டையில் இரண்டு முட்டைகள் இருந்தன.

“அண்ணே, நனைஞ்சு நனைஞ்சு என் உடம்புல சூடே இல்ல. காலும் விறைச்சுப்போச்சு, உக்கார முடியல. இதுங்கள நீங்கதான் அடைகாத்துத் தரணும்.”

பாறை இடுக்கிலிருந்து ஓர் உடும்பு சிரித்தது. “நெருப்புகிட்டயா முட்டையக் குடுக்கிற? அப்படியே உப்பும் மிளகும் சேர்த்துக் குடு!”

மலை உடும்பைக் கண்டுகொள்ளவில்லை. இதுவரை யாரும் தன்னை நம்பி எதையும் கொடுத்ததில்லை என்பதுதான் அதன் நினைப்பு.

“எவ்வளவு சூடு வேணும் தங்கச்சி?” புகை வராமல் மெல்லக் கேட்டது.

“வெயில்ல கிடந்த கல்லோட சூடு போதும்ணே.”

மலை முட்டைகளை மண்ணுக்குள் வாங்கிக்கொண்டு, நெருப்பைக் கீழே கீழே அமுக்கிக் காத்தது. ஒருநாள் விடியலில் ஆலங்கட்டி மழை கொட்டியது. ‘ஐயோ, பிள்ளைகளுக்குக் குளிருமே’ என்று பதறி, நெருப்பைக் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டது.

சில நாள் கழித்துச் செம்பி வந்து மண்ணைக் கிளறியது. ஒரு முட்டையிலிருந்து குஞ்சு தலையை நீட்டியது. அடியில் இருந்த முட்டை சூடு தாங்காமல் கெட்டு நாறியது.

உடும்பு இடுக்குக்குள் தலையை இழுத்துக்கொண்டது.

“குளிருமேன்னு நெனச்சுட்டேன் தங்கச்சி…” என்றது மலை. பாறை இடுக்கிலிருந்து அதன் கண்ணீர் சுடச்சுட இறங்கியது. அதிலும் அந்த முட்டையின் வாடைதான்.

கண்ணீர் செம்பியின் காலை நனைத்தது. விறைத்திருந்த கால் மெல்ல மடங்கியது. செம்பி அங்கேயே உட்கார்ந்து, குஞ்சை இறக்கைக்குள் இழுத்துக்கொண்டது.

“அழுங்கண்ணே,” என்றது. “ஆனா கொஞ்சங்கொஞ்சமா அழுங்க. சின்னது பக்கத்துல இருக்கு.”

அன்றிலிருந்துதான் நெருப்புமலை அடிவாரத்தில் வெந்நீர் ஊற்று பொங்கி வழியாமல் நிதானமாக ஊறுகிறது. கால்வலிக்காரர்கள் தேடிப் போகிறார்கள். முட்டை வாடை எவ்வளவு அடித்தாலும், அதில் இறங்குகிறவர்கள் மூக்கைப் பொத்துவதில்லை. மலை பார்த்துக்கொண்டிருக்கிறதாம்.