சாகாத சவத்துக்கு வாய்க்கரிசி

கோணங்கிபட்டிக்காரர்களுக்குப் புத்தி கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். புத்தியெல்லாம் தாராளமாக இருக்கிறது. அதை எந்தக் காரியத்துக்கு எடுப்பது என்பதில்தான் அவர்களுக்கு இன்றுவரை ஒரு முடிவு கிட்டவில்லை.

அந்த ஊரில் அன்னலட்சுமி டாக்கீஸ் என்று ஒரு தியேட்டர். அதில் கேண்டீன் நடத்துகிறவன் பூச்சியப்பன். முறுக்குச் சுடுவது அவன் பெண்டாட்டி வேம்பு. இவனுக்கு விற்க மட்டும்தான் தெரியும். அதுவும் இடைவேளையில் மட்டும்தான் தெரியும். விளக்குப் போட்டால் ஒழிய அவன் வாயிலிருந்து "முறுக்கேய்" என்கிற சத்தம் வராது. ஒரு தடவை வேம்பு அவனைச் சந்தையில் கொண்டுபோய் உட்கார வைத்தாள். எப்போது விளக்குப் போடுவார்கள் என்று பொழுது சாயும்வரை காத்திருந்துவிட்டு, கூடை முறுக்கையும் அப்படியே வீட்டுக்குத் தூக்கி வந்தான். ஆக, தியேட்டர் ஓடினால்தான் அவன் வீட்டு உலை கொதிக்கும்.

அவனுக்குச் சேக்காளிகள் சங்கிலி, தவசி, சுடலைக்கண்ணு. நாலு பேரும் சேர்ந்து 'சாகாத சவம்' படத்துக்கு ரசிகர் மன்றம் வைத்திருந்தார்கள். அதன் முதல் பாகத்தில் சுடுகாட்டுப் பிணங்கள் எழுந்து வந்து ஊராரைக் கடிக்கும். கடிபட்டவனும் பிணமாகி அடுத்தவனைக் கடிப்பான். கதாநாயகன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு எல்லாரையும் சுடுவான். படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. இரண்டாம் பாகத்தில் பிணங்கள் அதிகமாயின. மூன்றாம் பாகத்தில் துப்பாக்கி பெரிதானது. இப்போது நாலாம் பாகம் வந்திருந்தது. அதில் கண்ணாடி பெரிதாகியிருந்தது.

தியேட்டர் முதலாளி சீனிச்சாமி வெள்ளிக்கிழமை காலையில் நால்வரையும் கூப்பிட்டார்.

"டேய், அரிசி மண்டி ராமலிங்கம் குடோனுக்கு இடம் கேட்டு என்னை நச்சரிச்சுக்கிட்டு இருக்கான். ஞாயித்துக்கிழமைக்குள்ள கூட்டம் வரலைன்னா தியேட்டரை அவன்கிட்ட குடுத்துட்டு நான் காசிக்குப் போயிருவேன்."

பூச்சியப்பன் முந்திக்கொண்டு முன்னால் வந்தான். "நாங்க என்ன செய்யணும், சொல்லுங்க முதலாளி."

"படம் முடிஞ்சதும் வாசல்ல மைக்கும் கேமராவுமா நிப்பாய்ங்க. படம் எப்படின்னு கேப்பாய்ங்க. சுத்துப்பட்டு சனமெல்லாம் அதைப் பாத்துட்டுத்தான் படத்துக்கே வருது. அதனால மனசுல பட்டதைச் சொல்லித் தொலைச்சிராதீங்க. கதையையும் வெளிய விட்டுறாதீங்க. குடும்பத்தோட வந்து பாக்கலாம்னு சொல்லுங்க. எவனாவது ஒருத்தன் லேசாக் கண்ணு கலங்குங்க, போதும்."

நால்வரும் தலையை ஆட்டினார்கள். தலையாட்டுவதில் கோணங்கிபட்டிக்காரனை மிஞ்ச ஆள் பிறக்கவில்லை.

படம் முடிந்தது. டவுனிலிருந்து வந்திருந்த மைக்காரர் முதலில் சங்கிலியைப் பிடித்தார்.

"அண்ணே, படம் எப்படி?"

"மனசுல பட்டதைச் சொல்லக் கூடாதுன்னு முதலாளி சொல்லியிருக்காரு."

"சரி, கதை எப்படின்னாவது சொல்லுங்க."

"அதையும் வெளிய விடக் கூடாது."

"கதை இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கண்ணே."

சங்கிலி யோசித்தான். இருக்கிறது என்று சொன்னால் பாதிக் கதையை வெளியே விட்ட மாதிரி ஆகிவிடும். "இல்லைன்னே வச்சுக்குங்க" என்றான்.

அடுத்து தவசி. அவன் மைக்கைப் பார்த்ததும், "கொஞ்சம் இருங்க, குடும்பத்தோட வந்து சொல்லச் சொல்லியிருக்காரு" என்று வீட்டுக்கு ஓடினான். பெண்டாட்டி, மாமியார், சகலபாடி, எருமை என்று எல்லாரையும் ஓட்டிக்கொண்டு வந்து வரிசையாக நிறுத்தினான். எருமை எதற்கு என்று மைக்காரர் கேட்டார். அது இல்லாமல் என்ன குடும்பம் என்று தவசி கேட்டான். அதற்குள் அவன் பெண்டாட்டி மைக்கை வாங்கி, "இந்தக் கருமத்துக்கா குழம்பை அடுப்புல விட்டுட்டு வரச் சொன்னே?" என்று ஒரு சத்தம் போட்டாள். அதுவும் படத்தைப் பற்றிய கருத்தாகப் பதிவாகிவிட்டது.

கண் கலங்கும் பொறுப்பு சுடலைக்கண்ணுவுடையது. கடமை தவறாத ஆள் அவன். வேட்டி மடிப்பில் மிளகாய்ப் பொடி கட்டிக்கொண்டு வந்திருந்தான். கேமரா திரும்பியதும் இரண்டு கண்ணிலும் அப்பிக்கொண்டான். அப்புறம் அவன் போட்ட கூப்பாடு இருக்கிறதே, அப்பப்பா! "ஐயோ, எரியுதே, தாங்க முடியலையே" என்று கதறிக்கொண்டு ஓடி மாட்டுத் தொட்டியில் குதித்தான்.

மிச்சமிருந்தது பூச்சியப்பன். அவன் முதலாளி சொன்னதையெல்லாம் மனப்பாடம் பண்ணி, கைகட்டி நின்றான். மைக்காரர் அவன் முகத்துக்கு நேராகக் கேமரா விளக்கைப் போட்டார்.

"முறுக்கேய்!" என்றான் பூச்சியப்பன்.

வீடியோ மதியமே ஊர் ஊராகப் பரவியது. 'கதையே இல்லை, பார்த்தவர் கதறி ஓட்டம், இடைவேளை முறுக்கு மட்டும் பரவாயில்லை' என்று தலைப்பு வைத்திருந்தார்கள். சாயங்கால ஆட்டத்துக்கு ஆள் இல்லை. முதலாளி ராமலிங்கத்துக்கு ஆள் அனுப்பிவிட்டார்.

பூச்சியப்பன் கேண்டீன் பலகையில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதான். "தியேட்டர் போயிருச்சுன்னா இனி யாருடா எனக்கு விளக்குப் போடுவா?" என்றான். அதைக் கேட்டு மற்ற மூவரும் கலங்கினார்கள். சுடலைக்கண்ணுவுக்கு ஏற்கெனவே கலங்கித்தான் இருந்தது.

"அழுது என்னடா பண்றது? படத்துல எங்க கோளாறுன்னு பாப்போம்" என்றான் தவசி. "எனக்கென்னவோ கண்ணாடிதான் தப்புன்னு படுது. இருட்டுல கறுப்புக் கண்ணாடி போட்டா பிணம் எங்க தெரியும்? அதான் குறி தப்பித் தப்பிப் படம் இழுக்குது."

"அது கிடக்கட்டும். போன பாகத்துல செத்தவன் இந்தப் பாகத்துல போலீஸா வர்றானே, அது எப்படி?" என்றான் சங்கிலி.

"செத்தவன் எந்திரிக்கிற படம்தானேடா?"

"எந்திரிக்கட்டும், வேண்டாங்கல. பரீட்சை எப்ப எழுதுனான்?"

இதற்குப் பதில் படம் எடுத்தவரிடமும் இருந்திருக்காது, விடுங்கள்.

பூச்சியப்பன் மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தான். "ஏன்டா, அந்தப் பிணமெல்லாம் எதுக்கு ஆளைக் கடிக்குது?"

"பசிடா."

"செத்தவனுக்கு ஏன்டா பசிக்கணும்?"

பூச்சியப்பன் பலகையின்மேல் ஏறி நின்றுவிட்டான்.

"வாய்க்கரிசி போட்டாய்ங்களா? நாலு பாகம் பாத்துட்டோம், எந்தப் பிணத்து வாயிலயாவது ஒரு பிடி அரிசி விழுந்துச்சா? வெறும் வயித்தோட அனுப்புனா அது எந்திரிச்சு வராம என்னடா செய்யும்?"

"அட ஆமா!" என்று சுடலைக்கண்ணு துள்ளினான். "எங்கப்பனுக்கு என் கையாலதான் வாய்க்கரிசி போட்டேன். இன்னைவரைக்கும் வந்தாரா?"

அத்தாட்சியே கிடைத்துவிட்டது. அப்புறம் பேச்சென்ன?

மறுநாள் காலை ஆட்டத்துக்கு நால்வரும் வீட்டு ரேஷன் அரிசியைச் சாக்கோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். திரையில் முதல் பிணம் வாயைப் பிளந்ததும் எழுந்தார்கள். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பங்காளிகள் மாதிரி வரிசையாகப் போய், பிணத்தின் வாய்க்கு நேராக ஒவ்வொரு பிடி போட்டுக் கும்பிட்டார்கள். அடுத்த பிணம் வந்தது, அதற்கும் போட்டார்கள். பிணங்களோ கூட்டம் கூட்டமாக வருகின்றன, இவர்களோ ஒன்றைக்கூட விடுவதாக இல்லை. தவசிக்குத் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது.

மைக்காரர் இதையும் படம் பிடித்தார். பார்த்த சனம் என்ன நினைத்தது தெரியுமா? பூப் போடுகிற ரசிகன் உண்டு, காகிதம் கிழித்துப் போடுகிறவன் உண்டு; அரிசி போடுகிறவனை இப்போதுதான் பார்க்கிறோம், இதுதான் புது மோஸ்தர் போல என்று நினைத்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் பாருங்கள், எள் போட்டால் எள் விழாது. டிராக்டர் கட்டிக்கொண்டு வந்தார்கள். ஆளுக்கொரு பை அரிசி. வெளியே வந்தவர்களிடம் மைக்காரர் கருத்துக் கேட்டார். "படம் குப்பைங்க, ஆனா அரிசி போடலாம்" என்றார் ஒருவர். "மூணாம் பாகத்துல கதை நல்லாயிருந்துச்சு, நாலாம் பாகத்துல அரிசி நல்லாயிருக்கு" என்றார் இன்னொருவர். ஒரு விஷயம் மட்டும் விசித்திரம். பிணங்கள் வாயைத் திறந்தபோது விழுந்ததைவிட, கதாநாயகன் வாயைத் திறந்து வசனம் பேசியபோதுதான் அரிசி கூடுதலாக விழுந்தது.

பூச்சியப்பனுக்கு முறுக்கு விற்று மாளவில்லை. கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது. முதலாளி அவனைக் கட்டிப்பிடித்து, "என் வயித்துல பாலை வார்த்தீங்கடா" என்றார்.

மதிய ஆட்டம் முடிந்தபோது உள்ளே கணுக்கால் உயரத்துக்கு அரிசி கிடந்தது. கூட்டிப் பெருக்கலாமா என்று முதலாளி கேட்டதற்கு, வாய்க்கரிசியைத் திரும்ப அள்ளுவது ஆகாது என்று பூச்சியப்பன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். அடுத்த ஆட்டத்தில் நாற்காலிகள் முங்கின. கடைசி ஆட்டத்துக்கு வந்தவர்கள் அரிசிமேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள்.

திங்கட்கிழமை காலை மண்டி ராமலிங்கம் இடத்தைப் பார்க்க வந்தார். கதவைத் திறந்ததும் அரிசி சரிந்து வந்து அவரை வாசல்வரை தள்ளிக்கொண்டு போனது.

"இடம்தானய்யா கேட்டேன், சரக்கோடயே குடுக்குறீங்களே!" என்றார் அவர்.

முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். "கூட்டம் வராட்டி குடோன்னு சொன்னேன். கூட்டம் வந்தும் குடோனாக்கிட்டீங்களேடா, பாவிகளா!" என்று சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு காசிக்குக் கிளம்பினார்.

பூச்சியப்பன் ராமலிங்கத்தின் காலில் விழுந்தான். மூட்டை தூக்குகிறவர்களுக்கு டீயும் முறுக்கும் வேண்டுமே என்று அவரும் கேண்டீனை அவனிடமே விட்டார். அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். தினமும் மத்தியானம் உள்ளே ஒரு விளக்கைப் போட்டு அணைக்க வேண்டும். ராமலிங்கம் சரி என்றார். வேம்பு வீட்டு உலை கொதித்தது.

கொஞ்ச நாளில் குடோன் சுவரில் புதுப் போஸ்டர் ஒன்று முளைத்தது. 'கோணங்கிபட்டி கொண்டாடிய சாகாத சவம்: விரைவில் ஐந்தாம் பாகம்.' பிணங்கள் முன்னைவிட அகலமாக வாயைப் பிளந்து நின்றன.

நால்வரும் போய் அதன் முன்னால் நின்றார்கள்.

"இத்தனை அரிசி போட்டும் எந்திரிச்சிருச்சேடா!" என்றான் சங்கிலி.

பூச்சியப்பன் உள்ளே போனான். ஒரு பிடி அரிசியை அள்ளி வந்து வெயிலில் காட்டினான்.

"அட முட்டாப்பயலுகளா, இது புழுங்கல்டா! வாய்க்கரிசின்னா பச்சரிசில்ல போடணும்!"

அடுத்த நிமிஷமே சங்கிலியும் தவசியும் சாக்கை எடுத்துக்கொண்டு பச்சரிசி வாங்க ஓடினார்கள். சுடலைக்கண்ணு மட்டும் அவர்களோடு போகவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓடினான். அவன் அப்பனுக்குப் போட்டதும் புழுங்கல்தான். மனுஷன் வந்து கதவைத் தட்டினால் திறக்க வீட்டில் ஆள் இல்லை.